ஃபோர்சைட்டைத் தட்டும் முன்: ரைஃபிள் பேரலின் சூடும் கசடும்

கத்திரி வெயில் நாளில் காலை பதினொரு மணிக்கு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு. அப்பா வைத்திருந்த .315 ரைஃபிள் அது. அவருக்குப் பிறகு உரிமம் என் பெயருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஐம்பது மீட்டரில் டார்கெட். முதல் குண்டு கறுப்பு வட்டத்தின் நடுவில் விழுந்தது. இரண்டாவது அதை ஒட்டி. மூன்றாவது ஒரு விரற்கடை வலப்பக்கம் போனது. நான்காவதும் ஐந்தாவதும் இன்னும் வலப்பக்கம், கொஞ்சம் மேலே, படிக்கட்டு ஏறுகிற மாதிரி. ஃபோர்சைட், அதாவது ரைஃபிளின் வாயருகே நிற்கும் முன்குறி, நகர்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, பித்தளைக் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் அதை வலப்பக்கம் நாலு தட்டு தட்டினேன். ஆறாவது குண்டு நடுவில் போய் உட்கார்ந்தது. பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே இடம், அதே டார்கெட். முதல் குண்டு நடுவிலிருந்து மூன்று விரற்கடை இடப்பக்கம். இரண்டாவதும் அங்கேயே. கூட வந்திருந்த சித்தப்பா ராணுவத்தில் .303 ரைஃபிளும் பிறகு 7.62 எஸ்.எல்.ஆரும் பிடித்தவர். டார்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னாடா, பேரலு கொதிக்கறப்போ தட்டிட்டு, சில்லுனு கீறப்போ சுட்டா எப்டி? அது வேற பேரலு, இது வேற பேரலு” என்றார்.

நான் அதன் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுதான். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள். ஆனாலும் பேரல், அதாவது குண்டு போகும் குழல், எவ்வளவு சூடாக இருக்கிறது, உள்ளே எவ்வளவு கசடு படிந்திருக்கிறது என்ற இரண்டும் மாறினால் குண்டு போய் விழும் இடமும் மாறும். புதிதாகப் பழகுகிறவர்கள் இது தெரியாமல் குறியைக் குற்றம் சொல்கிறார்கள், அல்லது தங்களைத் தாங்களே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். வேலூர்ப் பக்கத்தில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளுக்கா பஞ்சம்? கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற வட்டாரம் இது. தெருவுக்கு ஒரு முன்னாள் ராணுவத்தினர் இருப்பார். ஆனால் நாம் கேட்க வேண்டும். கேட்காமல் நான் சுத்தியலை எடுத்தேன்.

முதலில் சட்டமும் பாதுகாப்பும்

மெல்லிய பேரல், அதைத் தாங்கும் மரக்கட்டை, கையால் இழுத்துத் திறக்கும் பின்தாழான போல்ட் என்று தோளில் சுமந்து மலை ஏறத் தோதாகச் செய்த ரைஃபிளைத்தான் வெளிநாட்டில் வேட்டை ரைஃபிள் என்கிறார்கள். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் விடியற்காலையில், ஆறிக் கிடக்கும் பேரலிலிருந்து போகும் முதல் குண்டுதான் எல்லாம். ஐந்தாவது குண்டைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதே இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக் கதை பழங்கதை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் உங்கள் நிலக்கடலையைக் காட்டுப்பன்றி இரவோடு இரவாகக் கிளறிப் போட்டாலும் வனத்துறையிடம் சொல்வதுதான் வழி. நீங்களே துப்பாக்கியை எடுக்கக் கூடாது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பற்றி இங்கே பேச்சே இல்லை. உரிமம் பெற்ற ரைஃபிளை அனுமதி பெற்ற சுடுதளத்தில் வைத்துப் பழகுவது பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

அப்புறம், கீழே சொல்லும் வேலைகளில் பாதி பேரலைத் தொடும், துடைக்கும், எட்டிப் பார்க்கும் வேலைகள். ஒவ்வொரு முறையும் தோட்டா அடுக்கும் மேகசினைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தோட்டா பெட்டி வேறு மேசையில் இருக்கட்டும்.

சூடு என்ன செய்கிறது

.22 தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து சுமார் 0.1 கிராம். .315 போன்ற பெரிய தோட்டாவில் இரண்டரை, மூன்று கிராம் இருக்கும். அதாவது ஒரு .315 குண்டு போவது, சூட்டுக் கணக்கில் இருபத்தைந்து .22 குண்டு போவதற்குச் சமம். மருந்து எரியும் சூட்டில் ஒரு பங்குதான் குண்டைத் தள்ளுகிறது. நல்ல பகுதி பேரலின் சுவருக்குள் இறங்குகிறது.

இரும்பு சூடேறினால் நீளும் என்பது காட்பாடி ஜங்ஷனில் தண்டவாள இடைவெளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 60 சென்டிமீட்டர் பேரல் ஒன்று 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். நேராக நீண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. நேராக நீளாது என்பதுதான் சிக்கல். பேரலைச் செய்யும்போது இரும்புக்குள் சமமில்லாத இறுக்கம் தங்கியிருந்தால், சூடேறும்போது அது ஒரு பக்கமாக வளையும். முடியளவு வளைந்தால் போதும், ஐம்பது மீட்டரில் அது விரல் அகலமாகத் தெரியும். வெயில் ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமும் விழுந்தாலே பெரிய குழல்கள் வளைந்துவிடும். டாங்கியின் பீரங்கிக் குழலுக்கு மேலே ஓர் உறை போட்டிருப்பது அதைத் தடுக்கத்தான்.

இரண்டாவது காரணம் மரக்கட்டை. என் ரைஃபிளுக்கு வந்த நோய் இதுதான். பேரலின் இடப்பக்க அடி ஒரு இடத்தில் கட்டையோடு உரசிக்கொண்டிருந்தது. ஆறியிருக்கும்போது லேசாகத் தொட்டது. சூடேறியதும் அழுத்தித் தள்ளியது. இடப்பக்கத்திலிருந்து தள்ளினால் பேரலின் வாய் வலப்பக்கம் போகும். நான் பார்த்த படிக்கட்டு அதுதான்.

மூன்றாவது கானல். பாலாற்று மணலில் நடுப்பகலில் நெளிகிறதே, அதே கானல் சூடான பேரலுக்கு மேலேயும் நெளியும். ஃபோர்சைட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் அது நெளிந்தால், டார்கெட் இருக்கும் இடத்திலிருந்து தள்ளித் தெரியும். இங்கே பேரல்மீது பழி போடக் கூடாது, கண்தான் ஏமாறுகிறது. ஆனாலும் காகிதத்தில் விழும் ஓட்டை ஒன்றுதான்.

நான்காவதாக மருந்தின் சூட்டைப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். தோட்டா சூடாக இருந்தால் மருந்து வேகமாக எரியும், குண்டின் வேகம் கூடும் என்பது உண்மை. சில மருந்துகளில் ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகம் கூடும். டிசம்பர் காலைக்கும் மே மாத நண்பகலுக்கும் 20, 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர். நொடிக்கு 700 மீட்டர் போகும் குண்டுக்கு ஐம்பது, நூறு மீட்டர் தூரத்தில் அது சில மில்லிமீட்டர்தான். புதிதாகப் பழகுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ பைக் டிக்கியிலோ தோட்டாவை வைக்காதீர்கள். கொதிக்கும் சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் கதை பேசாதீர்கள். இங்கே வேகத்தைவிட அழுத்தம் கூடுவதுதான் கவலை. சுடத் தயாரான பிறகு தோட்டாவை ஏற்றுங்கள், ஏற்றியதும் சுடுங்கள், மனம் மாறினால் இறக்கிவிடுங்கள்.

மெல்லிய பேரலுக்கும் தடித்த பேரலுக்கும் உள்ள வித்தியாசம் தோசைக்கல் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெல்லிய தகடு சட்டென்று காயும், சட்டென்று ஆறும். வார்ப்பு இரும்புக் கல் காய நேரமாகும், ஆறவும் நேரமாகும். போட்டி ரைஃபிள்களின் தடித்த பேரல் இருபது குண்டுக்கும் அசையாமல் இருக்கலாம். ஆனால் ஒருமுறை கொதித்துவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேட்டை ரைஃபிளின் மெல்லிய பேரல் மூன்று நான்கு குண்டிலேயே குணத்தைக் காட்டிவிடும்.

வேண்டியது இரண்டு நோட்டு

ஒன்று பத்து ரூபாய் நோட்டு, இன்னொன்று எழுதும் நோட்டு.

பத்து ரூபாய் நோட்டை முதலில் எடுங்கள். பேரலுக்கும் மரக்கட்டைக்கும் இடையில் முன்பக்கமாக நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வாருங்கள். கட்டை பேரலைத் தொடாத அமைப்பு என்றால் நோட்டு சேம்பர் அருகே வரை தடையில்லாமல் வர வேண்டும். எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரைஃபிள் சிலவற்றில் முன்நுனியில் கட்டை பேரலைத் தாங்கும்படியே செய்திருப்பார்கள். அது குறை இல்லை. இரண்டு பக்கமும் சமமாகத் தாங்குகிறதா, ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் ரைஃபிளில் இடப்பக்கம் ஒரு அங்குல நீளத்துக்கு நோட்டு நகரவே இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார். வேலை முடியப் பத்து நிமிடம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். அதனால் ஐப்பசியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை நோட்டை இழுத்துப் பாருங்கள்.

அதே சமயம் கட்டையையும் ரைஃபிளையும் பிடித்திருக்கும் திருகுகளையும் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலே குண்டு ஊரெல்லாம் சுற்றும். இறுக்கமாக இருந்தால் போதும். ஸ்பேனரில் தொங்கி இறுக்க வேண்டாம், மரம் நசுங்கிவிடும்.

கசடு: எது, எங்கே, எவ்வளவு

ஒவ்வொரு குண்டும் போகும்போது பேரலுக்குள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். மருந்து எரிந்த கரி ஒன்று. குண்டின் மேலுறையிலிருந்து, பேரலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும் செம்பு இன்னொன்று. .22 போன்ற உறையில்லாத குண்டு என்றால் செம்புக்குப் பதில் ஈயமும் மெழுகும்.

கசடு என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். சுத்தமாகத் துடைத்த பேரலில் முதல் குண்டு பெரும்பாலும் தனியாகப் போய் விழும். இரண்டாவது, மூன்றாவது குண்டில்தான் பேரல் தன் நிலைக்கு வரும். வரிப்பள்ளங்களின் சொரசொரப்பில் கொஞ்சம் கசடு நிரம்பி, ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி உரசிப் போகும் நிலை அது. அந்த நிலை கொஞ்ச காலம் நீடிக்கும். அதற்குப் பிறகு படிவது கூடிக்கொண்டே போய்க் குரூப்பிங், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் வட்டம், மெல்ல விரியும். ஆக, புதுசாகத் துடைத்த பேரல் ஒன்று, பழகிய பேரல் ஒன்று, அழுக்கேறிய பேரல் ஒன்று என்று மூன்று பேரல் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

பேரலில் எண்ணெய் இருந்தால் அது தனிக் கணக்கு. துடைத்து எண்ணெய் போட்டு வைத்த ரைஃபிளை அப்படியே கொண்டுபோய்ச் சுட்டால் முதல் குண்டு எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. சுடுவதற்கு முன் காய்ந்த துணியை இரண்டு முறை விட்டு எண்ணெயை எடுத்துவிட வேண்டும். சேம்பரிலும் எண்ணெய் நிற்கக் கூடாது.

சித்தப்பா சொன்ன ஒரு பழைய விஷயத்தையும் இங்கே சேர்க்கிறேன். .303 காலத்தில் சுட்டு முடித்ததும் பேரலுக்குள் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவார்கள். கேட்கும்போது எனக்கு வியப்பாக இருந்தது, துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று. அந்தக் காலத் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் இருந்த வேதிப்பொருள் எரிந்ததும் ஒருவகை உப்பாகப் பேரலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை. ஆனால் தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்த, எப்போது செய்தது என்று தெரியாத தோட்டாவைச் சுட்டிருந்தால், அன்றைக்கே வெந்நீர் விட்டு, உடனே காயத் துடைத்து, எண்ணெய் போடுங்கள்.

துடைக்கும் முறை

ராணுவத்தில் இதற்குப் புல்த்ரூவும் சிந்தியும் கொடுப்பார்கள். புல்த்ரூ என்பது ஒரு முனையில் கனமான பித்தளைத் துண்டு கட்டிய கயிறு; சிந்தி என்பது அதில் மாட்டும் துணித் துண்டு. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் மறந்திருக்காது. கரி துடைக்க அது போதும். செம்பை எடுக்கக் கம்பி வேண்டும்.

கம்பி ஒரே துண்டாக இருக்கட்டும். திருகிச் சேர்க்கும் மூன்று துண்டுக் கம்பி மலிவுதான். ஆனால் இணைப்புகளின் விளிம்பு பேரலுக்குள் சுரண்டும். கம்பியை எப்போதும் பின்பக்கமாக, போல்ட்டைக் கழற்றிய வழியாக விடுங்கள். வாய்ப்பக்கமிருந்து விட்டால் வாயின் விளிம்பு தேயும். குண்டு பேரலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தாலும் பின்னால் வரும் காற்று குண்டை ஒரு பக்கமாகத் தள்ளும். சூடும் கசடும் இல்லாமலே குறி கெடும், அதைத் துடைத்துச் சரிசெய்யவும் முடியாது. பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் கட்டை மினுமினுப்பைப் பார்க்கும் முன் வாயைப் பார்க்க வேண்டும்.

பேரல் கையால் தொடும் சூட்டில் இருக்கும்போதே தொடங்கினால் கரி சுலபமாக வரும். கரி எடுக்கும் திரவத்தில் நனைத்த துணியை ஒரு முறை விடுங்கள். பின்பு பித்தளைப் பிரஷ்ஷை முழு நீளத்துக்கும் பத்துத் தடவை. பேரலுக்கு நடுவில் பிரஷ்ஷைத் திருப்பாதீர்கள். வாய் வழியாக வெளியே வந்த பிறகே பின்னால் இழுங்கள். திரும்ப நனைத்த துணி, அப்புறம் காய்ந்த துணி. கறுப்பு வருவது சாம்பல் நிறமாகக் குறையும்வரை.

செம்புக்கு அம்மோனியா கலந்த திரவம் தனியாக உண்டு. அதை நனைத்துவிட்டுப் பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் மட்டும் காத்திருந்து துணி விட்டால், செம்பு இருந்தால் துணி நீலமாக வரும். துணி வெள்ளையாக வந்தால் செம்பு போய்விட்டது. இங்கே ஒரு ஏமாற்று உண்டு. கம்பி முனை பித்தளையாக இருந்தால் அதையும் அந்தத் திரவம் கரைக்கும். நீங்கள் நாள் முழுக்கத் துடைத்தாலும் துணி நீலமாகவே வரும். நான் ஒரு மாலை முழுக்க இப்படித் துடைத்து, பேரலே செம்பில் செய்ததோ என்று சந்தேகப்பட்டேன். பிளாஸ்டிக் முனையும் நைலான் பிரஷ்ஷும் பயன்படுத்தினால் அந்தக் குழப்பம் இல்லை. அம்மோனியாவை இரவு முழுக்க ஊற விடாதீர்கள், பேரலை அரிக்கும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வாசனை மூக்கை அறுக்கும்.

மண்ணெண்ணெய் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மேலோட்டமான கரி வரும், செம்பு அசையாது. தேங்காய் எண்ணெய் போட்டு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலில் அது எப்படி உறைந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேரலிலும் போல்ட்டிலும் அப்படித்தான் நிற்கும். வேறு வழியில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவலாம்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? சுட்டால் துடைத்தே ஆக வேண்டும் என்று ராணுவத்திலிருந்து வந்தவர்கள் சொல்வார்கள். மழையிலும் சேற்றிலும் கிடந்தவர்களுக்கு அது சரி. குறி பழகும் நமக்கு நான் சொல்வது வேறு. ஈரம் ஏறாத நாளில், கரியை மட்டும் லேசாகத் துடைத்து எண்ணெய்ப் படலம் போட்டால் போதும். செம்பைக் குரூப்பிங் விரியும்போது எடுத்தால் போதும். அது எப்போது விரிகிறது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இரண்டாவது நோட்டு.

எழுதும் நோட்டும் ஐந்து ஞாயிறும்

இதுதான் உண்மையான வேலை. ஐந்து ஞாயிறு ஆகும். தோட்டா உரிமத்தில் எழுதிய அளவுக்குள்தான் கிடைக்கும் என்பதால் ஒரு நாளைக்கு எட்டு குண்டு கணக்கில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒருமுறை முழுக்கத் துடைத்து, எண்ணெயை எடுத்துவிட்டு, மூன்று குண்டு மண்மேட்டில் சுட்டுவிடுங்கள். அவை எங்கே போனாலும் கணக்கில் இல்லை. பேரல் இப்போது பழகிய நிலைக்கு வந்துவிட்டது. ஐந்து ஞாயிறு முடியும்வரை செம்பு எடுக்கும் திரவத்தைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் காலையிலேயே போங்கள். ரைஃபிளை நிழலில் வையுங்கள். கறுத்த இரும்பு பத்து நிமிடம் வெயிலில் கிடந்தாலே ஆறிய பேரல் என்ற பேச்சுக்கு இடமில்லை. மணல் மூட்டைமேல் கட்டையை வைத்துச் சுடுங்கள். பேரலை மூட்டைமேல் வைக்காதீர்கள். முதல் குண்டுக்குத் தனி டார்கெட் வையுங்கள். ஒரே ஒரு குண்டு. அந்தக் காகிதத்தைச் சுருட்டி எடுத்து வைத்து அடுத்த வாரமும் அதையே மாட்டுங்கள். ஐந்து வாரம் கழித்து அதில் ஐந்து ஓட்டை இருக்கும், ஐந்தும் ஆறிய பேரலின் ஓட்டை.

அடுத்த நான்கு குண்டு இரண்டாவது டார்கெட்டில், வாரம் ஒரு புதுக் காகிதம். ஒவ்வொன்றுக்கும் நடுவே போல்ட்டைத் திறந்து வைத்து, சேம்பருக்கு முன்னால் பேரலின் மேல் கையை வையுங்கள். ஐந்து எண்ணும்வரை கை தாங்கினால் அடுத்த குண்டு போடலாம். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் ஏறத்தாழ 50 டிகிரிக்கு மேல் போய்விட்டது, காத்திருங்கள். வாயை மேலே பார்க்க வைத்து, போல்ட்டைத் திறந்து தாங்கியில் நிறுத்தினால் உள்ளே காற்று புகைபோக்கியில் போவதுபோல் ஏறி வேகமாக ஆறும். பனையோலை விசிறி இருந்தால் விசிறலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கட்டைக்கு அடியில் இறங்கும் நீர் அங்கேயே இருந்து துருவாகும்.

கடைசி மூன்று குண்டு மூன்றாவது டார்கெட்டில், இடைவெளி விடாமல், சூடாக. குறி பார்ப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், வெயிலா மேகமா, தோட்டாப் பெட்டியின் எண், கடைசியாகத் துடைத்த பிறகு எத்தனையாவது குண்டு, பேரல் கைக்கு எப்படி இருந்தது. மற்றதை டார்கெட் சொல்லும். ஐந்து வாரமும் ஃபோர்சைட்டைத் தொடக் கூடாது. தப்பான இடத்தில் விழுந்தாலும் தொடக் கூடாது. என் சுத்தியலைச் சித்தப்பா வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை.

பிறகு மூன்று டார்கெட்டின் காகிதங்களையும் வாரவாரியாகத் தரையில் விரித்துப் பாருங்கள். முதல் டார்கெட்டின் ஐந்து ஓட்டையும் இரண்டாவது டார்கெட்டில் விழுந்த இடத்திலேயே இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், சூட்டைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம். ஐந்தும் ஒன்றாக, ஆனால் வேறு இடத்தில் இருந்தால் அது ரைஃபிளின் பழக்கம். எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்று அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஐந்தும் சிதறிக் கிடந்தால் பழி பேரலில் இல்லை. திருகு, குறி, எண்ணெய், அல்லது நீங்கள். மூன்றாவது டார்கெட் மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் சூடு அல்லது கட்டை. பத்து ரூபாய் நோட்டை மறுபடி எடுங்கள். இரண்டாவது டார்கெட் முதல் வாரத்தில் குவிந்து ஐந்தாவது வாரத்தில் விரிந்திருந்தால் அது கசடு. எத்தனையாவது குண்டில் விரியத் தொடங்கியது என்று நோட்டிலேயே இருக்கும். உங்கள் ரைஃபிளுக்குச் செம்பு எடுக்கும் கணக்கு அந்த எண்தான். அடுத்தவர் ரைஃபிளின் கணக்கு உங்களுக்கு உதவாது.

மூன்று குண்டு குரூப்பிங்கை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள். மூன்று குண்டு தற்செயலாக ஒட்டி விழும், தற்செயலாகச் சிதறியும் விழும். ஐந்து வாரத்துப் பதினைந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். சூட்டையும் கசடையும் ஒரே நாளில் மாற்றிப் பார்க்கவும் கூடாது. துடைத்த அன்றைக்கே சூடாகச் சுட்டுப் பார்த்தால் எது காரணம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

இதற்குப் பிறகுதான் குறியைச் சரிசெய்வது. எந்தப் பேரலுக்குச் சரிசெய்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேட்டைக்காரர்கள் ஆறிய, பழகிய பேரலுக்கு, அதாவது முதல் டார்கெட்டுக்கு வைப்பார்கள். டார்கெட் சுடும் நமக்கு இரண்டாவது டார்கெட்தான் சரி. ஓட்டைகளின் நடுவிடத்துக்கு வையுங்கள், ஒற்றை ஓட்டைக்கு வைக்காதீர்கள். ஃபோர்சைட்டைக் குண்டு தள்ளிப்போன பக்கமே நகர்த்த வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் முதல் நாளே சரியாகச் செய்தேன், தவறான நேரத்தில்.

.22 வைத்துப் பழகுபவர்களுக்கு

கிளப்பில் சேரும் பெரும்பாலானவர்கள் தொடங்குவது இதில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது ஐம்பது மீட்டர் .22 ரைஃபிளில்தான். அந்த டார்கெட்டின் பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டு 5.6 மில்லிமீட்டர். சூடு இங்கே அநேகமாகத் தொல்லை இல்லை, மருந்து அவ்வளவு குறைவு. வெயிலும் கானலும் மட்டும் உண்டு.

கசடின் குணமும் வேறு. ஈயக் குண்டின்மேல் மெழுகு பூசியிருப்பார்கள். அந்த மெழுகு பேரல் முழுக்கப் படிந்த பிறகுதான் குரூப்பிங் நிலைக்கு வரும். துடைத்த பிறகு பத்து, இருபது குண்டுகூட ஆகலாம். வேறு கம்பெனித் தோட்டாவுக்கு மாறினால் வேறு மெழுகு, மறுபடி முதலிலிருந்து. அதனால் .22 பேரலை ஓயாமல் துடைக்காதீர்கள். சேம்பர் முடிந்து வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில் கரி வளையமாகக் கெட்டிப்படும், அதை மட்டும் அவ்வப்போது பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். வேலூர் வெயிலில் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும். தோட்டாவைக் கீழே போட்டால் மண் அதில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்துச் சேம்பரில் போடுவது, பேரலுக்குள் உப்புத்தாளை இழுப்பதற்குச் சமம். ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

காற்று ரைஃபிளில் மருந்தே இல்லை, ஆகவே மேலே சொன்ன திரவம் எதையும் அதற்குள் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெடும். துடைப்பதற்கான கம்பளிப் பெல்லட் (சின்ன உருண்டை) இரண்டு விட்டால் போதும்.

மழையும் தேர்தலும்

ஆடியில் தொடங்கும் சாயங்கால இடிமழையிலிருந்து கார்த்திகை முடியும்வரை துருவின் காலம். சுட்டாலும் சுடாவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பேரலுக்குள் எண்ணெய்த் துணி ஒன்று விடுங்கள். துணியுறைக்குள்ளோ தோலுறைக்குள்ளோ போட்டு நிரந்தரமாக வைக்காதீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டையில் நல்ல தோலுறை கிடைக்கும், ஆசையாக இருக்கும், எடுத்துப் போவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்புக்குக் கொடுக்கும்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒன்றிரண்டு மாதம் கிடக்கும். ஒருமுறை நான் அவசரத்தில் சுட்ட பேரலை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது வாய்க்கு அருகே மஞ்சள் பொட்டு விழுந்திருந்தது. வைத்திருந்தவர்கள்மேல் குறையில்லை, துடைக்காமல் கொடுத்தது நான். இப்போதெல்லாம் கொடுப்பதற்கு முந்தைய நாள் கரி, செம்பு இரண்டையும் எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக எண்ணெய் போட்டு, ரசீதோடு நோட்டில் தேதியை எழுதிவிடுகிறேன்.

திரும்ப வாங்கி வந்ததும் சேம்பரையும் பேரலையும் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பூச்சி கூடு கட்டியிருப்பதைக்கூடப் பார்த்தவர்கள் உண்டு. எண்ணெயைக் காய்ந்த துணியால் முழுக்க எடுங்கள். திருகுகளைப் பாருங்கள், பத்து ரூபாய் நோட்டை இழுங்கள். என் நோட்டில் கடைசியாக எழுதியது இப்படி இருக்கிறது: “தேர்தல் முடிந்து வந்தது. துடைத்த பேரல். காலை 7.10, மேகம். 1, 2, 3 மண்மேட்டில். நாலாவதிலிருந்து கணக்கு.”